மழை பெய்கிறதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவில் போய் முடிகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் வீடு. மூன்றாம் மாடி. பின்னேரம் நாலு மணிக்கு முன் ஹாலில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டிய அம்மாமார். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், வாயில் வராது. வீடியோ கோலில் அந்தப் பிள்ளைகளோடு கதைக்கத் தொடங்கினால் முதலில் வருவது வானிலைதான். அங்கே பனியா, இங்கே மழையா என்று.

போன யூன் மாதம் ஒரு அம்மா பேத்தியிடம் “ரெயின் இஸ் கமிங் ஃப்ரம் மோர்னிங்” என்றார். பிள்ளை உடனே “இஸ் இட் தேர் யெட், அம்மம்மா?” என்று கேட்டது. அதாவது, மழை இன்னும் வந்து சேரவில்லையா என்று. இவருக்குப் பின்னால் யன்னலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போனை மகளிடம் கொடுத்துவிட்டார். அதை வகுப்பில் வந்து சொன்னபோது எனக்கு மனம் கேட்கவில்லை. ஐந்தே சொல், அதில் இரண்டு பிழை. இரண்டும் நல்ல தமிழிலிருந்து வந்த பிழைகள். அவற்றை முதலில் பார்ப்போம்.

தமிழில் மழைதான் பெய்கிறது, வெயில்தான் எறிக்கிறது, காற்றுத்தான் வீசுகிறது. செய்கிற ஆள் பெரும்பாலும் வாக்கியத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் ‘ரெயின்’ என்ற சொல்லே வினையாகிவிடுகிறது. அப்போது எழுவாயின் இடம் காலியாகிறது. காலி இடத்தோடு ஆங்கில வாக்கியம் நிற்காது. அதனால் அங்கே ‘இட்’ வந்து உட்காருகிறது: “இட் இஸ் ரெயினிங்.” “பிள்ளை, அந்த இட் எண்டுறது எது?” என்று ஒரு அம்மா கேட்டார். எதுவும் இல்லை அன்ரி. நூறாம் நம்பர் பஸ்ஸில் சீட்டில் லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த லேஞ்சிதான் இந்த ‘இட்’. கீழ் வீட்டுச் சிங்கள அக்கா “வஹினவா” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார், மழை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலமும் அதற்குக் கிட்டத்தான், முன்னால் ஒரு ‘இட்’ கூட.

“ரெயின் இஸ் கமிங்” என்பது இலக்கணப்படி பிழையில்லை. கடலுக்கு மேல் கறுத்துக்கொண்டு வருகிறது, இங்கே இன்னும் ஒரு துளி விழவில்லை என்றால் அப்படிச் சொல்லலாம். அதைவிட “இட் இஸ் கோயிங் டு ரெயின்” நல்லது. பெய்யத் தொடங்கிவிட்டால் இரண்டுமே பொருந்தாது.

எல்லாச் சொல்லும் இப்படி வினையாகாது, அதைக் கவனியுங்கள். தூறினால் “இட் இஸ் டிரிஸ்லிங்”, கொட்டினால் “இட் இஸ் போரிங்” (‘பால்’ என்பதில் வரும் ப, அதை அழுத்திச் சொல்லவேண்டும்), இடித்தால் “இட் இஸ் தண்டரிங்”, அங்கே பனி பெய்தால் “இட் இஸ் ஸ்னோயிங்”. ஆனால் வெயிலுக்கு “இட் இஸ் சன்னி” அல்லது “த சன் இஸ் ஷைனிங்”. காற்றுக்கு “இட் இஸ் வின்டி”. ‘வைன்டிங்’ என்றால் வளைந்து வளைந்து போவது, அது வேறு. மின்னல் வெட்டினால் “தேர் இஸ் லைட்னிங்”. அதை எழுதும்போது நடுவில் ‘ஈ’ என்ற எழுத்தைச் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்தால் பாரம் குறைவது என்று பொருள் மாறிவிடும்.

குளிருக்கு “இட் இஸ் கோல்ட்”. எனக்குக் குளிருது என்றால் “ஐ ஆம் கோல்ட்”. “ஐ ஹாவ் எ கோல்ட்” என்றால் தடிமன். இதை மாற்றிச் சொன்னால் ரொறன்ரோவில் மகள் மருந்து எடுத்தீங்களா என்று கேட்பாள்.

கொழும்பில் மார்ச், ஏப்ரலில் வெயில் இல்லாத நேரத்திலும் உடம்பு பிசுபிசுக்கும், கொடியில் போட்ட உடுப்பு காய்ந்தும் காயாமல் கிடக்கும். அதற்கு ‘ஹொட்’ போதாது. “இட் இஸ் ஹியூமிட்” என்று சொல்லுங்கள். லண்டன் பேரப்பிள்ளை என்றால் “இட் இஸ் மகி” என்றாலும் உடனே பிடித்துக்கொள்வான். இன்னொன்று, “டுடே கிளைமேட் இஸ் பேட்” என்று இங்கே நிறையப் பேர் சொல்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை கொழும்புக்குத் தென்மேல் பருவமழை என்பது கிளைமேட். இன்றைக்குப் பின்னேரம் யன்னலில் தெரிவது வெதர். இன்றைய நாளைப் பற்றிச் சொல்ல ‘வெதர்’ மட்டும்தான்.

சரி, இனி இரண்டாவது பிழை. இதில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். “காலையிலிருந்து மழை பெய்யுது”, “இப்ப மழை பெய்யுது”. தமிழில் இரண்டுக்கும் ‘பெய்யுது’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் போதாது. யன்னலை மட்டும் பார்த்துச் சொன்னால் “இட் இஸ் ரெயினிங்.” யன்னலையும் பார்த்து மணிக்கூட்டையும் பார்த்துச் சொன்னால், அதாவது எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரமாகப் பெய்கிறது என்பது வாக்கியத்துக்குள் வந்துவிட்டால், “இட் ஹாஸ் பீன் ரெயினிங்.” எங்கள் ஹாலில் மணிக்கூடு யன்னலுக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. படிப்பிக்கும்போது விரலை ஒருமுறை கீழே காட்டுவேன், ஒருமுறை மேலே காட்டுவேன்.

அதற்குப் பிறகு ‘சின்ஸ்’ வேண்டுமா ‘ஃபோர்’ வேண்டுமா என்பதற்குத் தமிழே வழி காட்டும். ‘பத்து மணியிலிருந்து’ என்று வாயில் வந்தால் “சின்ஸ் டென் ஓ க்ளொக்”. ‘மூன்று மணித்தியாலமாக’ என்று வந்தால் “ஃபோர் த்ரீ அவர்ஸ்”. ‘இலிருந்து’க்கு சின்ஸ், ‘ஆக’வுக்கு ஃபோர். “சின்ஸ் த்ரீ அவர்ஸ்” என்பதுதான் நான் தினமும் கேட்கிற பிழை. மனதில் முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தாலே அது நின்றுவிடும்.

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, தண்டவாளம் ஈரத்தில் மினுங்குகிறது, றோட்டில் தண்ணீர் ஓடுகிறது என்றாலும் “இட் ஹாஸ் பீன் ரெயினிங்” சொல்லலாம், அடையாளம் கண்ணுக்குத் தெரிகிறதே. விட்டுவிட்டது என்று சொல்ல “இட் ஹாஸ் ஸ்டொப்ட் ரெயினிங்”. பெருமழை ‘ஹெவி ரெயின்’, ‘ஸ்ட்ரோங்’ என்பது காற்றுக்கு. வானிலை அவதான நிலையத்தின் அறிக்கையில் “ஷவர்ஸ் வில் ஒகர்” என்று வரும். அது சரியான ஆங்கிலம்தான், ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. அந்த மாதத்தில் பின்னேரம் இடியோடு மழை வருவது வழக்கம். நாலரைக்குத் தூறத் தொடங்கியது. புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு எல்லோரையும் யன்னலடிக்குக் கூப்பிட்டேன். முதலில் டிரிஸ்லிங், அப்புறம் போரிங், பிறகு தண்டரிங் என்று மழை மாற மாற ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குடை கொண்டுவராததால், யூனில் போனை மகளிடம் கொடுத்த அந்த அம்மா மட்டும் வகுப்பு முடிந்தும் நின்றார். ஆறரைக்குப் போன் அடித்தது. ரொறன்ரோவில் காலை ஒன்பது மணி, பள்ளிக்கூடம் இல்லாத நாள். பிள்ளை கேட்க முன்னமே இவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். “இட் ஹாஸ் பீன் ரெயினிங் ஃபோர் டூ அவர்ஸ்” என்றார், நிதானமாக. “இட் இஸ் ஸ்டில் போரிங்.”

“ஷோ மீ, அம்மம்மா.”

அவர் போனைத் திருப்பி யன்னல் கம்பிகளுக்கு இடையில் பிடித்தார். கை நனைந்தது, இழுக்கவில்லை.