எதிர்ப்பு சக்தியை ஏற்றப் போய் மருந்தைக் கோட்டை விடாதீர்கள்

பிறக்கும்போதே எச்.ஐ.வி. தொற்றிய பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடித்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, "உடம்புல சக்தியே இல்ல, ஏதாச்சும் குடுங்க" என்பதுதான். உடனே நிலவேம்புக் கஷாயம், சத்துமாவு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய டானிக். சத்துமாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோளாறு எங்கே என்று புரியாமல் செய்கிற வைத்தியம் இது.

சித்திரைத் திருவிழா பந்தோபஸ்துக்கு நிறுத்திய போலீஸ்காரரை, திருவிழா முடிந்தும் மாற்றாமல் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஆள் நிற்பார், யார் போகிறார், வருகிறார் என்று பார்க்க மாட்டார். ரத்தத்தில் கிருமியோடு போராடும் டி செல்களும் அப்படித்தான். வைரஸ் நாளும் பெருகிக்கொண்டே இருந்தால், பிடி-1 என்ற புரதம் அந்த செல்களின் மேல் கூடிப்போய் அவற்றின் வேலையை அமுக்கிவிடும். எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் உருவாகிவரும் பச்சைப் பிள்ளைக்கு வைரஸ் அளவும் மிக அதிகமாக இருக்கும். அதனால் செல்களின் சோர்வு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. ஓய்வில்லாததால் வந்த சோர்வுக்கு ஊக்க மருந்து எதற்கு? வைரஸைக் குறைக்கும் ஏ.ஆர்.டி. மருந்துதான் அந்த ஓய்வைக் கொடுக்கும். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் அது இலவசம்.

டானிக்கால் நேரடிக் கெடுதலும் உண்டு. இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டோலுடெக்ராவிர் என்ற ஏ.ஆர்.டி. மாத்திரை, இரும்பு, கால்சியம், துத்தநாகம் கலந்த டானிக்கோடு வெறும் வயிற்றில் சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. மாத்திரை கொடுத்து 2 மணி நேரம் கழித்து டானிக் கொடுக்கலாம். முன்னால் கொடுப்பதானால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். கொடுக்கும் டானிக், பொடி எல்லாவற்றையும் மையத்தில் காட்டிவிடுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்க வேண்டாம்.

கரையும் மாத்திரையில் இன்னொரு சின்ன விஷயம். தண்ணீரில் கரைத்துப் பாலாடையில் புகட்டியதும் கழுவி வைத்துவிடுகிறோம். அடியில் படிந்த மருந்தும் அதோடு போய்விடும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் புகட்டுங்கள். பிள்ளை எடை கூடக் கூட மருந்தின் அளவு மாறும். அதனால் மருந்து வாங்கச் சித்தப்பாவை மட்டும் அனுப்பினால் போதாது. பிள்ளையையும் கூட்டிப் போய் எடை பார்க்க வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கான்" என்று தள்ளிப்போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. சிகிச்சை கிடைக்காத பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 2 வயதைத் தாண்டுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்கிய சிசுக்களிடம் சாவு 76 சதவீதம் குறைந்தது. தாயின் எதிர்ப்புப் புரதம் பிள்ளையின் ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கக்கூடும் என்பதால், அந்தப் புரதத்தைத் தேடும் சாதாரண எச்.ஐ.வி. பரிசோதனை அந்த வயதில் குழப்பும். அதற்காக 18 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. வைரஸையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனையை 6 வாரத்திலேயே செய்கிறார்கள்.

சிடி4 எண்ணிக்கை, அதாவது டி செல்களில் ஒரு வகையின் கணக்கு, நன்றாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்துபவர்களும் உண்டு. செல் எத்தனை என்றுதான் அந்த எண் சொல்லும், வேலை செய்கிறதா என்று சொல்லாது. போதாக்குறைக்கு, 5 வயதுக்குக் கீழே எண்ணிக்கையைவிடச் சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று. பிடி-1 அளவைப் பார்க்கிறோம் என்று எந்த லேப் சொன்னாலும் காசைக் கொடுக்காதீர்கள். அதை வைத்துப் பிள்ளையின் சிகிச்சையை யாரும் மாற்றப் போவதில்லை.

வளர்ந்த பிள்ளைகள் விஷயம் வேறு. "வைட்டமின் மாத்திரை" என்றே சொல்லி வளர்த்தால், பத்தாம் வகுப்பு வரும்போது அவனே கூகுளில் பேரைத் தேடிக் கண்டுபிடிப்பான். அந்தக் கோபத்தில் மருந்தை விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 6 வயதிலிருந்து 12 வயதுக்குள், புரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சொல்லத் தயக்கமாக இருந்தால் மையத்து ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. வைரஸ் அதிகமாக இருந்தபோது போட்ட ஊசியின் ஞாபகம் அந்தச் சோர்ந்த செல்களில் தங்காமல் போயிருக்கலாம். வைரல் லோடு அடங்கிய பிறகு, தட்டம்மை உட்பட எதையாவது மறுபடி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள், பெரும்பாலும் அவரிடம் பதிவு இருக்கும்.