அட்டைப்பெட்டியில் ஒரு காற்றுப் பீரங்கி: சுழல் வளையங்களைச் செய்து பார்ப்போம்

நான்கு மீட்டர் தள்ளி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். கையில் ஓர் அட்டைப்பெட்டி, அதன் முகத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரு தட்டு. சத்தம் அடங்கிவிடும். ஒன்றும் நடக்கவில்லையே என்று நினைக்கும்போது கோப்பை சாயும். அந்தச் சின்னத் தாமதத்துக்காகவே எனக்கு இந்தச் சோதனை அலுப்பதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கோப்பையைத் தள்ளியது அது என்றால் காத்திருக்கவே வேண்டியதில்லை. பெட்டியிலிருந்து கிளம்பிய காற்று வளையம் ஒன்று நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் நிதானமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் பெயர் சுழல் வளையம்.

பொம்மையாக விற்கும் காற்றுப் பீரங்கியிலும் இதே வேலைதான் நடக்கிறது: பின்னால் இழுத்து விடும் ஒரு பிளாஸ்டிக் சவ்வு, முன்னால் ஓர் ஓட்டை. குறி வைக்க அது வசதி. ஆனால் அதில் ஓட்டையை மாற்ற முடியாது. சோதனைக்குப் பெட்டிதான் நல்லது.

பெட்டியைத் தயார் செய்வது

ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 40 செ.மீ. வரை உள்ள அட்டைப்பெட்டி போதும். மூடி, எல்லா இணைப்புகளிலும் மூலைகளிலும் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். மூலையில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் நீங்கள் தட்டும் காற்று அந்த வழியாகக் கசிந்து வளையம் பலவீனமாகிவிடும்.

பிறகு ஒரு முகத்தின் நடுவில் 10 செ.மீ. விட்டத்தில் வட்டம் வரைந்து கட்டரால் வெட்டி எடுங்கள். சிறுவர்கள் செய்வதாக இருந்தால் வெட்டும் வேலையைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். விளிம்பு பிசிறில்லாமல் இருக்க வேண்டும். வளையம் பிறப்பது அந்த விளிம்பில்தான்.

தட்டுவது

மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஒரு கயிற்றில் மெல்லிய டிஷ்யூ தாள் கீற்றுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆரம்பத்தில் கோப்பையைவிட இது நல்ல இலக்கு. வளையம் எங்கே பட்டது, எவ்வளவு அகலமாகப் பட்டது என்று கீற்றுகளே காட்டிவிடும்.

ஓட்டை இலக்கைப் பார்த்தபடி பெட்டியை வைத்து, இடது வலது பக்கங்களை உள்ளங்கையால் ஒன்றாகத் தட்டுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பெட்டியை அழுத்தித் தள்ளுவார்கள். மெதுவாகத் தள்ளினால் காற்று ஓட்டை வழியே வழிந்து அங்கேயே கலைந்துபோகும். மேளம் தட்டுவதுபோல், பட்டவுடன் கை துள்ளித் திரும்ப வேண்டும். பலம் வேண்டாம், சுருக்கம் வேண்டும். இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வளையத்தைக் கண்ணால் பார்க்க

புகை உண்டாக்கும் இயந்திரம் கிடைத்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால் பெரியவர் ஒருவர் இரண்டு ஊதுபத்திகளை ஓட்டைக்கு உள்ளே ஒரு நிமிடம் பிடித்து, புகை நிறைந்ததும் வெளியே எடுத்துவிடலாம். எரியும் பத்தியை அட்டைப்பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். புகை அடங்கச் சில நொடிகள் பொறுத்து, பின்னால் கறுப்புத் துணியும் பக்கவாட்டில் ஒரு விளக்கும் இருக்கும்படி வைத்து, மெல்லத் தட்டுங்கள். புகைக்கு மென்மையான தட்டுதான் ஒத்துவரும். அதிகம் தட்டினால் வளையம் கலங்கலாகி உடைந்துவிடும்.

சரி, ஏன் வளையம்?

ஓட்டை வழியாக வெளியேறும் காற்றின் நடுப்பகுதி தடையில்லாமல் போகிறது. விளிம்பை உரசிப் போகும் காற்று பின்தங்குகிறது. வெளியே நிற்கும் காற்றோ அசையவே இல்லை. வேகமான காற்றும் நிற்கும் காற்றும் ஒட்டி நிற்கும் அந்த எல்லை, கூர்மையான விளிம்பைத் தாண்டியதும் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. விளிம்பு வட்டம் என்பதால் சுருளும் வட்டமாக மூடிக்கொள்கிறது. மிதிவண்டி டியூப் போன்ற வடிவம் இப்படித்தான் கிடைக்கிறது.

சுழலும் திசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தி உருண்டு போகும் ரப்பர் வளையத்தை நினைத்துப் பாருங்கள். அதன் வெளிப்புறம் குழாயைத் தொட்டு நிற்கும், உட்புறம் முன்னால் ஓடும். சுழல் வளையத்திலும் அப்படியே. குச்சியில் மாட்டிய வளையம் குச்சிமேல் உருள்வதாகக் கற்பனை செய்தால் திசை தலைகீழாகிவிடும்.

முன்னே போவதற்கும் இந்தச் சுழற்சிதான் காரணம். வளையத்தின் மேல்பாதி, தனக்குக் கீழே உள்ள காற்றை முன்னோக்கித் தள்ளுகிறது. கீழ்ப்பாதி தனக்கு மேலே உள்ளதைத் தள்ளுகிறது. ஒவ்வொரு பகுதியும் எதிர்ப் பகுதியைச் சுமந்து போகிறது. வளையம் சிறியதாக இருந்தால் இரண்டும் நெருக்கமாக இருக்கும். அதனால் சுழற்சியின் வலிமை ஒன்றாக இருக்கும்போது சின்ன வளையம் பெரியதைவிட வேகமாக ஓடும். போகப்போக அது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நிறை கூடுகிறது, உந்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, ஆகவே வேகம் குறைகிறது.

போய்ச் சேர்வது பெட்டியின் காற்றேதானா, அல்லது வெறும் அதிர்வா? சந்தேகம் இருந்தால் பஞ்சில் இரண்டு சொட்டு வாசனைத் திரவியம் விட்டு, புகையில்லாத பெட்டிக்குள் போட்டுச் சில நிமிடம் கழித்துத் தட்டுங்கள். அறையின் மறுபக்கம் நிற்பவருக்குக் காற்று பட்ட அதே நொடியில் வாசனையும் வரும். அலை போயிருந்தால் வாசனை அதோடு வந்திருக்காது. எதிரில் நிற்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் அருகில் வைத்து மட்டும் தட்டாதீர்கள்.

எவ்வளவு காற்று தேவை?

அதிகக் காற்றைத் தள்ளினால் பெரிய வளையம் கிடைக்கும் என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் அது உண்மை. கரிப், ராம்போட், ஷரிஃப் ஆகிய மூவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வரம்பைக் காட்டியது: வெளியே தள்ளும் காற்றை ஓட்டை அளவுள்ள ஓர் உருளையாக எண்ணினால், அதன் நீளம் விட்டத்தைப்போல் சுமார் 4 மடங்கு ஆகும்வரைதான் வளையம் அதை வாங்கிக்கொள்ளும். மீதி வாலாகப் பின்னால் தொங்கும்.

இதை நம் ஓட்டைக்குப் பொருத்திப் பார்ப்போம். விட்டம் 10 செ.மீ., எனவே நீளம் 40 செ.மீ. கொள்ளளவு ஏறத்தாழ 3.1 லிட்டர். பெட்டிக்குப் பதில் ஒரு வாளியின் அடிப்பகுதியில் இதே அளவு ஓட்டை வெட்டி, 30 செ.மீ. அகலமுள்ள வாயில் தடித்த பாலிதீன் தாளை ரப்பர் கயிற்றால் கட்டி இழுத்து விடுகிறீர்கள் என்று வையுங்கள். இழுத்த தாள் கூம்பு வடிவில் வரும். கணக்குப் போட்டால் நடுவில் சுமார் 13 செ.மீ. இழுத்தாலே 3.1 லிட்டர் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் இழுக்கும் பலமெல்லாம் வாலுக்குத்தான் போகும். கையில் செய்த ஒரு வாளிக்கே இப்படி எண்ணில் விடை சொல்ல முடிகிறதே என்று எனக்கு இன்னும் வியப்புத்தான்.

அடுத்து மாற்றிப் பார்க்க வேண்டியவை

ஓட்டையின் வடிவம். பெட்டியின் ஓட்டை மேல் வேறோர் அட்டையை ஒட்டி, சதுர ஓட்டை வெட்டிப் பாருங்கள். சதுர வளையம் வராது. அதிகம் வளைந்திருக்கும் மூலைகள் வேகமாக முன்னே ஓட, பக்கங்கள் பின்தங்க, பிறகு நிலை மாற, வளையம் நெளிந்துகொண்டே போகும்.

வேகம். சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, புகை வளையத்தைக் கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் கேமராவில் வளையம் ஒரு மீட்டரை 60 படங்களில் கடந்தால், அது கால் நொடி. வேகம் நொடிக்கு 4 மீட்டர். அடுத்த மீட்டருக்கும் எண்ணுங்கள். வேகம் குறைவது எண்ணிலேயே தெரியும்.

வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் பெரும்பாலும் இரு கைகளும் ஒன்றாகப் படவில்லை, அல்லது விளிம்பு கோணலாக இருக்கிறது.

இந்தப் பெட்டி புதிது அல்ல. 1858-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுழல்களைப் பற்றிக் கணிதத்தால் எழுதினார்: உராய்வே இல்லாத பாய்மத்தில் (திரவமோ வாயுவோ) சுழல் இழை, அதாவது இழைபோல் மெல்லிய சுழல், அழியாது, நடுவில் அறுந்து முடியவும் முடியாது. இயற்பியலாளர் பீட்டர் டெய்ட் எடின்பரோவில் துணி கட்டிய மரப்பெட்டியைத் தட்டிப் புகை வளையங்களை விட்டுக் காட்டினார். 1867-இல் அதைப் பார்த்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, அணுக்களே இப்படிப்பட்ட சுழல் வளையங்களாக, வெவ்வேறு விதமாக முடிச்சுப் போட்டவையாக இருக்கலாம் என்று நினைத்தார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. ஆனால் அதற்காக டெய்ட் முடிச்சுகளை வகைப்படுத்திப் போட்ட அட்டவணைகள் கணிதத்தில் நிலைத்துவிட்டன.

இழை நடுவில் முடியாது என்பதைத் தண்ணீரில் பார்க்கலாம். அகலமான தொட்டியில் ஒரு தட்டைப் பாதி மூழ்கப் பிடித்து, சிறிது தூரம் முன்னே தள்ளி, சட்டென்று மேலே தூக்குங்கள். தண்ணீரின் மேல் இரண்டு சிறு குழிகள் சேர்ந்தே நகர்ந்து போகும், தொட்டியின் அடியில் அவற்றின் நிழல் இரண்டு கரிய வட்டங்களாகத் தெரியும். ஒரு குழியில் துளி மை விடுங்கள். மை கீழே இறங்கி, வில்லாக வளைந்து, மற்ற குழிக்கு ஏறும்.