ரெண்டும் 10 ஸ்பீடுதானே என்று மாட்டாதீர்கள்

ஞாயிறு காலை கோலாலம்பூர் பக்கத்து கோம்பாக் பழைய ரோட்டில் கெந்திங் செம்பா மலை ஏறும் சைக்கிள் கூட்டத்துக்குப் பின்னால் போனால், எந்த சைக்கிளில் பழசும் புதுசும் கலந்திருக்கிறது என்று காதே சொல்லிவிடும். ஏற்றம் நிமிரும் இடத்தில் கியர் மாற்றுவார்கள். செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் நின்று 'டக் டக்' என்று அடிக்கும். பாகங்கள் பெரும்பாலும் லெலோங்கில், அதாவது ஏலத்தில், வாங்கியவை. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்ல பாகம்தான். ஒன்றோடொன்று சேராது, அவ்வளவுதான்.

கேபிளைத் தளர்வாக மாட்டுவது, லிமிட் ஸ்க்ரூவை (செயின் ஓரம் தாண்டாமல் தடுக்கும் திருகு) மாற்றித் திருப்புவது போன்ற தவறுகளைப் புதியவர்கள் ஒரே வாரத்தில் தானாகத் திருத்திக்கொள்வார்கள். அதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

டியாக்ரா 4700-ஐ மற்ற 10 ஸ்பீடு என்று நினைப்பது

இன்னமும் எரிச்சல் ஊட்டுவது இதுதான். டியாக்ரா, 105 இரண்டும் ஷிமானோ கம்பெனியின் ரோடு சைக்கிள் பாக வரிசைகள்; கூட வரும் நாலு இலக்கம் மாடல் எண். 10 ஸ்பீடு என்றால் பின்சக்கரத்தில் பத்து பல்சக்கரம். சைக்கிள் விழுந்து டியாக்ரா ஆர்.டி. (செயினைப் பின் பல்சக்கரங்களுக்கு இடையே நகர்த்தும் பாகம்) வளைந்துவிட்டது. மாற்று தேடும்போது மலிவாக ஒரு 105, ஆர்.டி.5700, கண்ணில் படுகிறது. "அண்ணே, 105 டியாக்ராவுக்கு மேலதானே? ரெண்டும் 10 ஸ்பீடுதானே? அப்கிரேடுதானே?" மூன்று கேள்வியில் முதல் இரண்டுக்கும் பதில் ஆமாம். மூன்றாவதுக்கு இல்லை.

காரணம் கேபிளில் இருக்கிறது. ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் இருக்கும் கியர் லீவர்) ஒரு கிளிக்குக்கு இத்தனை மில்லிமீட்டர் கேபிள் இழுக்கும், ஆர்.டி. அதை ஒரு விகிதத்தால் பெருக்கி அத்தனை தூரம் நகரும். ஷிமானோவின் பழைய 8, 9, 10 ஸ்பீடு ரோடு ஆர்.டி.க்களில் அந்த விகிதம் சுமார் 1.7. 11 ஸ்பீடு வந்தபோது அதை 1.4 ஆக்கினார்கள். 2015-இல் வந்த டியாக்ரா 4700-க்குப் பல்சக்கரம் பத்துதான், ஆனால் கேபிள் கணக்கு 11 ஸ்பீடு குடும்பத்துடையது. பெயரில் 10, வயிற்றில் 11.

10 ஸ்பீடு கேசட்டில், அதாவது பின் பல்சக்கரத் தொகுதியில், பல்சக்கரங்களுக்கு இடையே 3.95 மி.மீ. பழைய ஷிஃப்டர் கிளிக்குக்கு 2.3 மி.மீ. இழுக்கிறது; 1.7-ஆல் பெருக்கினால் 3.9. சரி. 4700 ஷிஃப்டர் சுமார் 2.8 இழுக்கிறது, 1.4-ஆல் பெருக்கினாலும் 3.9. இதுவும் சரி. இப்போது 4700 ஷிஃப்டரோடு 5700 ஆர்.டி.யைச் சேருங்கள்: கிளிக்குக்கு 4.76 மி.மீ. ஒவ்வொரு கிளிக்கிலும் 0.8 கூடுதல். ஐந்தாவது கிளிக்கில் ஒரு முழுப் பல்சக்கரம் தள்ளிப்போயிருக்கும்.

சைக்கிளில் இது எப்படித் தெரியும்? முதல் இரண்டு கியர் ஒழுங்காக விழும். அதில்தான் ஏமாந்துபோவார்கள். நடுவில் உரசும், தாண்டும். ஏழாவது எட்டாவது கிளிக்குக்குள் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு வந்துவிடும், லீவரில் இன்னும் கிளிக் மிச்சம் இருக்கும். கேபிள் விறைத்து நிற்கும், லீவர் நகராது. அந்த நேரத்தில் 'லோ' லிமிட் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் செயின் ஸ்போக்குக்குள் போய்விடும். சக்கரமும் போச்சு, புதிதாக வாங்கிய ஆர்.டி.யும் போச்சு.

தலைகீழாகச் சேர்த்தால், அதாவது 5700 ஷிஃப்டரும் 4700 ஆர்.டி.யும் என்றால், ஒன்பது கிளிக் முடிந்தும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் குறையும். பெரிய பல்சக்கரம் கிடைக்கவே கிடைக்காது. ஏற்றத்தில் வேண்டியது அதுதான்.

செலவு எங்கே ஏறுகிறது என்றால், யாரும் முதலில் ஆர்.டி.யைச் சந்தேகப்படுவதில்லை. கேபிள் மாற்றுவார்கள். பிறகு கேபிளின் மேலுறையான அவுட்டர். பிறகு ஆர்.டி. தொங்கும் ஹேங்கரை நிமிர்த்துவார்கள். பிறகு செயின், கேசட். செந்தூல் பக்கம் ஒரு தம்பியின் சைக்கிள் இப்படி மூன்று முறை கடை ஏறி இறங்கியது. கடைசியில் ஆர்.டி.யின் உள்பக்கம் பொறித்திருந்த நாலு எண்ணைப் படித்ததும் வேலை முடிந்தது.

அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆர்.டி.யில் சக்கரத்தைப் பார்க்கும் பக்கத்தில் இருக்கும். ஷிஃப்டரில் லீவரின் பின்புறம், அல்லது ரப்பரை மடித்தால் உடம்பின் பக்கத்தில். 4600, 5600, 5700, 6600, 6700, 7800, 7900 எல்லாம் பழைய 10 ஸ்பீடு. 4700 மட்டும் தனி. 5800, 6800, 9000, ஆர்7000, ஆர்8000 எல்லாம் 11. 4700 ஆர்.டி.யை 11 ஸ்பீடு ஷிஃப்டர், கேசட், செயினோடு போட்டால் ஓடும். 4600-ஓடு போட்டால் ஓடாது. விற்பவர் 'டியாக்ரா 10 ஸ்பீடு' என்று மட்டும் எழுதியிருந்தால் கிராங்கின் (பெடல் மாட்டும் முன்பாகம்) படம் கேளுங்கள்: 4600-க்கு ஐந்து கை, 4700-க்கு நாலு கை. ஆனால் கிராங்கை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பதால் ஷிஃப்டரையும் பாருங்கள். 4600-இல் கியர் கேபிள் பக்கவாட்டில் வெளியே வரும். 4700-இல் ஹேண்டில்பார் டேப்புக்குள் ஓடும்.

எண் அழிந்திருந்தால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். ஆர்.டி.யிலிருந்து கேபிளைக் கழற்றி, ஷிஃப்டரைச் சிறிய பல்சக்கர நிலைக்கு விடுங்கள். கேபிள் நுனியைக் கையால் இழுத்துப் பிடித்து, ஃபிரேமுக்கு வெளியே தெரியும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒன்பது கிளிக் அடித்து டேப் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். 20, 21 மி.மீ. என்றால் பழைய 10. 25-ஐ ஒட்டி வந்தால் 4700.

மவுண்டன் பைக் ஆர்.டி. போட்டு ஏற்றம் ஏறுவது

பெரிய கேசட் வேண்டும் என்பதற்காகச் செய்வது. நல்ல யோசனைதான், சரியான தலைமுறையாக இருந்தால். ஷிமானோ 9 ஸ்பீடு மவுண்டன் ஆர்.டி.யின் விகிதமும் 1.7, ஆகவே பழைய 8, 9, 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர்களோடு அழகாக ஓடும். 10 ஸ்பீடு மவுண்டன் ஆர்.டி.யின் விகிதம் வேறு. 'ரோடும் 10, மவுண்டனும் 10' என்ற கணக்கு இங்கேயும் கவிழ்க்கும்.

எஃப்.டி.

எஃப்.டி. என்பது முன் பல்சக்கரங்களில் செயினை மாற்றும் பாகம். 4700 ஷிஃப்டருக்கு 4700 எஃப்.டி. பழசு வேண்டாம்.

1.85 மி.மீ. வளையத்தை மறப்பது

11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் (பின்சக்கரத்தில் கேசட் ஏறும் உடம்பு) பழையதைவிட 1.85 மி.மீ. நீளம். அதில் 10 ஸ்பீடு கேசட் போட்டால் பின்னால் 1.85 வளையம் ஒன்று வேண்டும். சில 10 ஸ்பீடு கேசட்டோடு 1 மி.மீ. மெல்லிய வளையமும் வரும். அதையும் சேர்த்தே போட வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று அல்ல. கேசட்டைப் பிடிக்கும் லாக்ரிங்கை முறுக்கிய பிறகும் கேசட் கையால் ஆட்டினால் ஆடுகிறதா? வளையம் குறைகிறது. எதிர்த்திசையில், பழைய ஃப்ரீஹப்பில் 11 ஸ்பீடு ரோடு கேசட் உட்காராது. எச்.ஜி.800 வகை 11-34 பல் கேசட் மட்டும் விதிவிலக்கு. அது பழைய உடம்பில் அப்படியே ஏறும், 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப்பில்தான் வளையம் கேட்கும்.

ஷிமானோ ஷிஃப்டர், வேறு கம்பெனியான ஸ்ராமின் ஆர்.டி.

வேண்டாம்.

பிரேக்கை மறந்துவிட்டு ஷிஃப்டர் மாற்றுவது

ஷிஃப்டர் என்று வாங்குவது பிரேக் லீவரும்தான். 5600-லிருந்து 5700-க்குப் போனபோது லீவர் பிரேக் கேபிளை இழுக்கும் அளவும் மாறியது. 5700 லீவரை 5600 கேலிப்பரோடு (சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பாகம்) போட்டால் கியர் குறை சொல்ல முடியாதபடி விழும், பிரேக்குக்கு மட்டும் வழக்கத்தைவிட அழுத்திப் பிடிக்க வேண்டிவரும். இது கடையில் ஸ்டாண்டில் தெரியாது. மழை பெய்து முடிந்த கோம்பாக் இறக்கத்தில் தெரியும். லீவர் மாற்றினால் கேலிப்பரையும் சேர்த்து விலை பேசுங்கள்.