உள்ளூர்ப் பத்திரிகையில் செய்திப் படங்களைப் பயன்படுத்துவது எப்படி?

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தால், அதில் இருப்பவரை வாசகர்களில் பலருக்கு நேரில் தெரியும். அதனால் படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, முகம் தெரிகிறதா, பெயர் சரியா, அவருக்கு இதனால் பாதிப்பு வருமா என்று முதலில் பாருங்கள்.

பொன்னாடை போர்த்துவது, ரிப்பன் வெட்டுவது, வரிசையாக நின்று கேமராவைப் பார்ப்பது, இப்படி ஒரே மாதிரிப் படங்கள்தான் பெரும்பாலும் வந்து குவியும். எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இடம் முழுவதும் தெரிய ஒன்று, வேலை நடக்கும்போது ஒன்று, முகம் நெருக்கமாக ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். செய்தித்தாளில் 15 செ.மீ. அகலத்துக்குப் போட, அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று கணக்கு வைத்தால் சுமார் 1200 பிக்சல் அகலம் வேண்டும். செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும், படம் திரையில் தெரிவதைவிட இருண்டுதான் அச்சாகும், குறிப்பாக நிழலில் இருக்கும் முகங்கள், அதனால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்புவது நல்லது.

ஓரம் வெட்டலாம், வெளிச்சம் சரிசெய்யலாம், ஆனால் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை நீக்குவதும் கூடவே கூடாது. அமெரிக்க இதழான நேஷனல் ஜியோகிராபிக் 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்துப் பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது, அதற்கு எழுந்த கண்டனம் இன்றுவரை பேசப்படுகிறது.

அப்புறம் படக்குறிப்பு. அவசரத்தில் கடைசியாக எழுதுவதும் இதைத்தான், வாசகர் முதலில் படிப்பதும் இதைத்தான். யார், எங்கே, எப்போது என்பது இருக்கட்டும், 'இடமிருந்து' என்று தொடங்கிப் பெயர்களை வரிசையாகப் போடுங்கள், இனிஷியலை அவரவரிடமே கேட்டு எழுதுங்கள். பழைய படமென்றால் 'கோப்புப் படம்' என்று தெளிவாகப் போட வேண்டும். எடுத்தவர் பெயரும் வரட்டும். முகநூலில் கிடைத்தது என்பதற்காக அது பொதுச்சொத்து ஆகிவிடாது, எடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள்.

விபத்து, மரணம், குற்றம் பற்றிய படங்களில்தான் உண்மையான சோதனை. வீட்டுக்குத் தகவல் போய்ச் சேருமுன் பத்திரிகை போய்ச் சேரக் கூடாது. முகத்தை மறைத்தாலும் சீருடை, வண்டி எண், வீட்டு வாசல் இவை போதும் ஆளைக் கண்டுபிடிக்க, எனவே பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தைப் போடவே வேண்டாம்.

பெயர் தவறாக வந்துவிட்டால் அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள், சேமித்து வைத்த கோப்பிலும் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதே படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் போடும்போது அதே தவறு திரும்ப அச்சாகும்.