எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சத்து மாத்திரைகள்: எதை, எப்போது, எப்படி?

அக்கா ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று, மருந்துக் கடைப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தோம். ஆறு அட்டைகள். சீட்டில் 1-0-1 என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. அக்காவும் கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் காலைக் காபியோடு மொத்தமாகப் போட்டுக்கொண்டார். ஒரு மாதம் இப்படியே போனது. மாத்திரைகளைத் தவறாமல் போட்டும் பாதிப் பலன் வீணானது. உங்கள் வீட்டில் இது நடக்கக் கூடாது.

1. எந்த ஆபரேஷன் என்று பாருங்கள்

டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் எடுத்துவிடுவார்கள். பைபாஸில் (இதய பைபாஸ் அல்ல, இரைப்பை பைபாஸ்) சிறுகுடலின் தொடக்கப் பகுதியைச் சாப்பாடு தொடாமலேயே கடந்து போகும். இரும்பும் கால்சியமும் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அங்கேதான். அதனால் பைபாஸ் செய்தவர்களுக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். எதுவானாலும் மாத்திரை ஆயுள் முழுக்க உண்டு. எடை குறைந்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது.

2. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

கால்சியத்தில் கார்பனேட், சிட்ரேட் என்று இரண்டு வகை உண்டு. கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அது குறைந்துவிடும். ஆகவே சிட்ரேட்தான் நல்லது. இன்னொன்று: அட்டையில் "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று போட்டிருந்தால், அதில் உள்ள உண்மையான கால்சியம் சுமார் 210 மி.கி.தான். 'எலிமென்டல் கால்சியம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மி.கி. தேவை, அதுவும் சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து. ஒரே வேளையில் 500, 600 மி.கி.க்கு மேல் போட்டாலும் உடம்பு ஏற்காது.

3. நேரத்தைப் பிரியுங்கள்

கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். டீ, காபியும் இரும்புக்கு எதிரிதான். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது இது:

காலை 7: இரும்பு, சர்க்கரை இல்லாத எலுமிச்சை ஜூஸோடு
காலை 8.30: காபி
காலை 10.30: கால்சியம்
மதியம் 1.30: சாப்பாட்டோடு மல்டிவிட்டமின், டி3
மாலை 4.30: கால்சியம்
இரவு 9: கால்சியம்

மல்டிவிட்டமினிலும் இரும்பு இருக்கலாம், அதனால்தான் அதையும் தள்ளி வைத்திருக்கிறோம். அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு கூடுதலாகத் தேவைப்படும். முதல் சில வாரங்களுக்குப் பெரிய மாத்திரை தொண்டையில் இறங்காது, மென்று சாப்பிடுவதோ சிரப்போ கேட்டு வாங்குங்கள்.

4. வாந்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

இது எல்லாவற்றையும்விட முக்கியம். பி1, அதாவது தயமின், உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு இருக்கும். விடாமல் வாந்தி எடுத்தால் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் வருவது எல்லாம் மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறி. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், பல நாளாக வாந்தி" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும். குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் கரைந்துவிடும்.

பி12 இதற்கு நேர்மாறு. ஈரலில் சில வருடங்களுக்குக் கையிருப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரியாது. கால் மரத்துப்போகும், உள்ளங்கால் எரியும், அதைச் சர்க்கரை நோய் என்று நினைத்துவிடுவோம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவர்களும் சைவம் சாப்பிடுகிறவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி, 1000 மைக்ரோகிராம்.

5. ரத்தப் பரிசோதனை

முதல் வருடத்தில் 3, 6, 12-ஆம் மாதங்களில், அப்புறம் வருடம் ஒருமுறை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது; ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றையும் கேளுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் போடுகிறவர்கள் லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தைராய்டு அளவைக்கூட அது தப்பாகக் காட்டிவிடும்.