டைல்ஸுக்கு அடியில் கிடக்கும் கடப்பா தரையை மீட்பது எப்படி?

கும்பகோணத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் வெள்ளை டைல்ஸ் போட்டுப் பல வருடம் ஆகிறது. போன கோடையில் முற்றத்து ஓரம் ஒரு டைல் எழும்பிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால், நான் சின்ன வயதில் படுத்துத் தூங்கிய கடப்பா கல் அடியில் அப்படியே இருந்தது. மற்றதையும் எடுத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் ஆரம்பித்தால் டைல் முழுசாகவே வந்துவிடும். உளியைச் செங்குத்தாகப் பிடிக்காமல் தரையோடு படுக்கவைத்துத் தட்டுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். கடப்பா அடுக்கடுக்காக அமைந்த கல். அதிர்வு தாங்காமல் மேல் ஏடு பெயர்ந்து வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நல்ல மாஸ்க், தூசி எழாமல் இருக்கத் தண்ணீர்த் தெளிப்பு மூன்றும் கட்டாயம்.

இனிமேல்தான் நிதானம் வேண்டும். டைல் போன பிறகு கல்லின் மேல் சிமென்ட் கலவை திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். எங்கள் கொத்தனார், "ஆசிட் ஊத்தினா அஞ்சு நிமிஷம் சார்" என்றார். நானும் சரி என்றேன். ஊற்றியதும் சிமென்ட் நுரைத்தது, கூடவே கல்லும் நுரைத்தது. கழுவிப் பார்த்தால் கறுப்புக் கல்லில் இரண்டடிக்கு வெள்ளையாகச் சொரசொரத்த தழும்பு. கடப்பா என்பது சுண்ணாம்புக்கல். சிமென்ட்டைக் கரைக்கும் ஆசிட் அதையும் அரித்துவிடும். உங்கள் தரை என்ன கல் என்று தெரியவில்லையா? மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். வெளிறிய தடம் விழுந்தால் ஆசிட் பாட்டிலைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

கனமான திட்டுகளை அகலமான பட்டி பிளேடால் சுரண்டி எடுத்தோம். மெல்லிய படலத்துக்கு 50 நம்பர் டைமண்ட் பேட் (வைரத் துகள் பதித்த தேய்ப்பு வட்டு, நம்பர் குறைந்தால் சொரசொரப்பு கூடும்), தண்ணீர் விட்டுக்கொண்டே. ஒரு கல்லுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தச் சாம்பல் பூச்சுக்கடியிலிருந்து கறுப்பும், தலைமுடி கனத்தில் வெள்ளை ரேகையும் தெரிய ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள்.

கற்களுக்கு நடுவில் உள்ள இடுக்குகளைச் சுரண்டி, கறுப்பு ஆக்சைடு நிறப்பொடி கலந்த சிமென்ட்டால் அடைத்து, காய்ந்த பிறகு பாலீஷ். 100, 200, 400, 800 என்று வரிசையாகப் போங்கள், நடுவில் ஒன்றைத் தாண்டாதீர்கள். பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்ணீரும் கல்தூளும் சேர்ந்த சேற்றை முழுக்க வழித்துவிட வேண்டும். முந்தைய பேடின் ஒரு மணல் தங்கினாலும் கீறல் விழும். சேற்றைச் சாக்கடையில் விட்டால் குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவைத்துக் கொட்டுங்கள். நான் 800-லேயே நிறுத்திவிட்டேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் ஈரக்காலோடு வரும் வயசானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

பத்து நாள் ஃபேன் போட்டு நன்றாகக் காயவைத்த பிறகு, கறை இறங்காமல் காக்க, கல்லுக்குள் ஊறும் வகை சீலர் ஒரு கை. மேலே படலமாக நிற்கும் பளபளப்புக் கோட்டிங் எனக்குப் பிடிக்காது. பழைய வீட்டில் தரையடி ஈரம் மேலே ஏறும். போக வழியில்லாமல் படலத்துக்கடியில் நின்று வெளுத்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வேலையை ஆரம்பித்த இரண்டு பேர், கல் முழுக்கக் குழியாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். கலவை பிடிக்கட்டும் என்று டைல்ஸ் போட்டவர்கள் முதலில் கல்லைக் கொத்தியிருப்பார்கள். முழுதாக இறங்கும் முன் நான்கு இடத்தில் ஒவ்வொரு டைல் எடுத்து இதைப் பார்த்துவிடுங்கள். சின்னக் குழிகளை, கல்லை அரைத்த தூளை எபாக்ஸி பசையில் குழைத்து அடைக்கலாம். ரொம்ப மோசமான கற்களை எடுத்துவிட்டு, பீரோவுக்கடியிலும் ஸ்டோர் ரூமிலும் உள்ள நல்ல கற்களைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கும் புதுக் கல்லின் நிறம் பழசோடு ஒட்டவே ஒட்டாது.