சொல்ல வந்தவரைத் திருப்பி அனுப்பும் தவறுகள்

சின்ன வயதில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை ஒருவர் நாற்பது வயதில் சபைக்கு வந்து சொல்கிறார். "இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை இதற்கென்றே ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் ஒன்று நடந்தது. 8,000-க்கும் மேற்பட்டோர் அதன் முன் தனியாக வந்து பேசினார்கள். முதன்முதலாக ஒருவரிடம் வாய்திறக்கவே அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தது. தாமதத்தை வைத்துச் சந்தேகப்படுவது தவறு.

அடுத்தது, "வெளியே தெரிய வேண்டாம், சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்பது. அந்த நாட்டு 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற மத அமைப்பிடம், 1950-லிருந்து குற்றம் சாட்டப்பட்ட 1,006 பேரைப் பற்றிய கோப்புகள் இருந்தன. ஒன்றைக்கூட அமைப்பு போலீசிடம் கொண்டுபோகவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொள்ளாவிட்டால், நடந்ததைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. பூட்டிய அறையில் நடந்ததற்கு இரண்டாவது சாட்சிக்கு எங்கே போவது? கத்தோலிக்கத் திருச்சபையிலோ, புகாருக்கு உள்ளான பாதிரியாரை வேறு பங்கு ஆலயத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தியாவில் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிந்தால் போலீசிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடக் கொடுமையானது அவசர மன்னிப்புதான். வந்தவர் பாதிதான் சொல்லியிருப்பார். அதற்குள் "மன்னித்துவிடும்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார், வா ஜெபிப்போம்" என்று அவர் தலையில் கை வைத்துவிடுகிறார்கள். ஜெபம் என்ற பெயரில்தான் அன்றைக்கும் ஒரு கை நீண்டிருக்கலாம். கேட்காமல் தொடாதீர்கள். கதவைத் திறந்தே வையுங்கள், அவருக்குத் துணைக்கு ஒருவர் வேண்டுமா என்று கேளுங்கள். "நீங்கள் சொல்வதை நம்புகிறேன், உங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் கேளுங்கள். மன்னிப்பது அவர் முடிவு. அதற்கு நாள் குறிக்க நமக்கு உரிமையில்லை.

வழக்கறிஞரை முன்னால் நிறுத்துவதும் வேண்டாம். சிட்னியில் பாதிக்கப்பட்ட ஒருவர் சொன்னது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்த விசாரணையே ஏற்றுக்கொண்டது. அப்புறம் நீதிமன்றத்தில் அதையே மறுத்து வாதாடினார்கள். திருச்சபையின் சொத்தை வைத்திருக்கும் அறக்கட்டளை மேல் வழக்குப் போட முடியாது என்று 2007-இல் தீர்ப்பும் வாங்கினார்கள். அந்த ஓட்டையை 2018-இல்தான் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சட்டம் போட்டு அடைத்தது.

பாதிக்கப்பட்டவர்களை நினைத்து, ஆஸ்திரேலியாவின் பல்லாரட் நகரில் 2015-இலிருந்து மக்கள் பள்ளி, ஆலய வேலிகளில் வண்ண ரிப்பன்கள் கட்டத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் சிட்னி பேராலயத்தின் வேலியிலும் கட்டினார்கள். இரவோடு இரவாக ரிப்பன்கள் காணாமல்போயின. மறுபடி வந்து கட்டினார்கள்.